சமயம் ஒன்றெனின் மொழி மாயவேண்டுமா?

வட ஆப்பிரிக்காவின் தொல்குடியினர் அமாசிகர். அவர்தம் தாய்மொழி தமாசிகத்து. ஏழாம் நூற்றாண்டில் அரபி அங்கு அடிவைக்கும் முன்னரே அது வேரூன்றி நின்றது. அமாசிகர் இசுலாத்தை ஏற்றனர், தாய்மொழியைத் துறந்திலர். ஆயினும், ‘சமயம் ஒன்று, ஆதலின் மொழியும் ஒன்றே’ என்னும் வல்லடி வழக்கு அவர்மேல் சுமத்தப்பட்டது.

அல்சீரியாவைப் பாருங்கள்! 1938-இல் பிரெஞ்சு வல்லாட்சி, அரபியை அம்மண்ணிலேயே அயன்மொழி என்றது. அவ்வாட்சியை வீழ்த்திய போரில் அமாசிகரும் குருதி சிந்தினர். 1962-இல் விடுதலை வந்தது. 1963-இல் எழுதிய அரசியல் சட்டத்திலோ அரபி மட்டுமே நாட்டுமொழியும் ஆட்சிமொழியும்! கோல் கைமாறிற்று, அடி நிற்கவில்லை.

1980-இல், அமாசிகர் செறிந்து வாழும் கபிலியப் பகுதியின் திசி உசூ நகரில், பழங்கபிலியப் பாடல்களைப் பற்றி அறிஞர் மூலூது மம்மேரி ஆற்றவிருந்த பொழிவை அரசு தடுத்தது. பாட்டுக்கு அஞ்சுவதும் ஓர் அரசா? மாணவர் கிளர்ந்தெழுந்தனர். 1994-95-இல் கபிலியப் பிள்ளைகள் பள்ளிகளையே புறக்கணித்தனர். 2001 எழுச்சியில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே தமாசிகத்து 2002-இல் நாட்டுமொழியாகவும், 2016-இல் ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது. அப்பொழுதும், ‘அரசின் ஆட்சிமொழியாக அரபியே நீடிக்கும்’ என்றொரு வரியை விடாது வைத்துக்கொண்டனர்!

இசுலாத்துக்கு மொழிப்பகை இல்லை. துருக்கியரும் பாரசீகரும் தத்தம் மொழியோடுதான் முசுலிம்களாய் வாழ்கின்றனர். பகை, ஆள்வோர் நெஞ்சில்! ஏட்டில் ஏறிய உரிமை பள்ளியிலும் அறமன்றத்திலும் அலுவலகத்திலும் ஒலிக்கும்வரை அமாசிகர் ஓயார், ஓயவும் கூடாது!