மேலும் கீழும்



சென்ற மாதம் ஒரு மாலை வேளை. பத்தாம் வகுப்பில் பயிலும் நம் பங்கின் சிறுமி ஒருத்தி, ஆங்கிலப் பாடநூலைக் கையில் ஏந்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தாள். அவளைத் தொடர்ந்து அவளுடைய பாட்டியும் வந்து திண்ணையில் அமர்ந்தார்.

"ஃபாதர், 'அப்' என்றால் மேலே என்றுதானே பொருள்? 'கெட் அப்' என்றால் எழுந்திரு; அது சரி. ஆனால் 'கிவ் அப்' என்றால் கைவிடு என்கிறார்கள். 'டைம் இஸ் அப்' என்றால் நேரம் முடிந்தது என்கிறார்கள். 'ஷட் அப்' என்றால் வாயை மூடு என்கிறார்கள். வாயை மூடுவதில் மேலே எங்கே வந்தது?"

நான் சிரித்துவிட்டேன். குருமடத்தில் ஆங்கிலம் கற்ற நாளில் நானும் இதே சொல்லில் தடுக்கி விழுந்தவன்தான். ஆங்கிலேயர் வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அப்' என்பதை ஒட்டி, ஒரு செயல் முற்றுப்பெற்றது என்றும் குறிப்பர். பெருகியது என்றும் குறிப்பர். குலைந்தது என்றும் குறிப்பர். இவற்றை ஒவ்வொன்றாகப் பழகித்தான் அறியவேண்டும் என்றேன். "எவ்வளவு குழப்பமான மொழி!" என்றாள் அவள்.

அவ்வேளையில் திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் கேட்டது: "இரண்டு நாளாக எனக்கு மேலுக்குச் சரியில்லை, சாமி. ஒரு வார்த்தை செபித்துவிடுங்கள்."

பாட்டிக்காகச் செபித்துவிட்டுச் சிறுமியைப் பார்த்தேன். "பாட்டி என்ன சொன்னார், கவனித்தாயா? 'மேல்' என்றால் இங்கே உடம்பு. நம் மொழி மட்டும் எளிதென்று எண்ணிவிடாதே" என்றேன். இருவரும் அமர்ந்து எண்ணத் தொடங்கினோம்.

மேசைமேல் புத்தகம் என்றால் இடம். நூற்றுக்குமேல் என்றால் மிகுதி. இனிமேல் என்றால் காலம். பிள்ளையின்மேல் அன்பு என்கிறோம். அயலார்மேல் வழக்கு என்றும் சொல்கிறோம். அன்பிற்கும் பகைக்கும் ஒரே சொல்! வாளாவிருப்பதைவிட இது மேல் என்றால் சிறப்பு. மேலோட்டமாகப் பார்த்தான் என்றாலோ ஆழமின்மை. இவை போதாவென்று இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'மேலே சொன்னபடி' என்று எழுதினால் முன்னர்ச் சொல்லி முடிந்தது. 'மேலே சொல்லுங்கள்' என்று கேட்டால் இனிச் சொல்ல வேண்டியது. ஒரே சொல் முன்னும் இழுக்கிறது, பின்னும் இழுக்கிறது. சிறுமி ஆங்கிலத்தை மன்னித்துவிட்டாள்.

அவள் சென்ற பின்னும் அந்தச் சொல் என்னை விடவில்லை. 'மேல்' என்பதிலிருந்தே 'மேற்கு' வந்தது. 'கீழ்' என்பதிலிருந்தே 'கிழக்கு' வந்தது. இத்திசைகளைக் குடக்கு, குணக்கு என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஆயினும் நிலைத்து நின்றவை மேற்கும் கிழக்குமே. காரணம் நம் கால்களுக்குக் கீழேயே உள்ளது. தமிழ்நிலம் மேற்கே மலையாக உயர்ந்தும் கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கிறது. தேசப்படத்தில் வடக்கு மேலே இருக்கலாம். தமிழனுக்கு மேடு மேற்கே, பள்ளம் கிழக்கே.

1856-இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில் அறிஞர் கால்டுவெல் சுட்டும் செய்தி ஒன்று சுவையானது. கேரளத்தாருக்கு மலை இருப்பது கிழக்கே. கடல் இருப்பது மேற்கே. எனினும் மலை எழுந்து நிற்கும் திசையை அவர்களும் 'கிழக்கு' என்றே சொல்கின்றனர். ஆகவே அவர்களுடைய முன்னோர் மலைக்கு இப்பாலிருந்து அச்சொல்லைச் சுமந்து சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நிலம் மாறியும் சொல் மாறவில்லை!

வருசநாட்டு மலையிலே தோன்றும் வைகையைப் பாருங்கள். மதுரையைக் கடந்து, நம் மாவட்டத்தின் திருப்புவனம், மானாமதுரை வழியாக, இராமநாதபுரத்துக் கண்மாயை நோக்கி அது இறங்கிச் செல்கிறது. நம் பகுதியின் கண்மாய்கள் பலவும் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர். மேல் ஊரார் பேராசையால் கலுங்கை உயர்த்திக்கட்டினால் கீழ் ஊர் வயல் காயும். பெருமழை வந்தால் அவர்களுடைய கரையும் உடையும். ஆகவே மேலே இருப்பது நம் முன்னோருக்கு ஒரு பொறுப்பாக இருந்தது. கீழே உள்ளவனுக்கு நீரை விடவேண்டிய பொறுப்பு.

இங்கிலாந்திலோ இலண்டனை நோக்கி ஓடும் தொடர்வண்டிக்கு 'அப்' என்று பெயர். இலண்டனை விட்டு நீங்கும் வண்டிக்கு 'டவுன்'. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து இறங்கி வருபவரும் தலைநகருக்கு 'மேலே' போகிறவரே! அங்கே அதிகாரம் இருக்கும் இடமே உயரம்.

ஆனால் ஆங்கிலேயரைப் பார்த்து நாம் நகைப்பதற்கில்லை. மலையும் கடலும் நமக்குக் கற்பித்த இரு சொற்களை எடுத்து, நாம் மனிதரின் நெற்றியில் ஒட்டிவிட்டோம். மேல்சாதி, கீழ்சாதி என்றோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தையார் என்னிடம் வந்தார். அவருடைய மகன் திருமணம் செய்ய விரும்பிய பெண் படித்தவள், பண்புள்ளவள், நம் நம்பிக்கையைச் சேர்ந்தவள். "எல்லாம் சரிதான், சாமி. பெண்ணிடம் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் கீழத்தெருவாயிற்றே!" என்றார். அவர் திசையைச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும்; அவருக்கும் தெரியும். "யோசித்துச் செய்யுங்கள்" என்று மட்டும் கூறி அவரை அனுப்பிவைத்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. அன்று நான் சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன்.

திருக்குறள் எந்த வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது? பதினெண் கீழ்க்கணக்கில்! அடி குறைந்த பாக்களைக் கொண்ட நூல்களைக் கீழ்க்கணக்கு என்றனர். மதிப்பில் குறைந்தவை என்று எவரும் கருதவில்லை. அக்குறளிலேயே, பெருமை என்னும் அதிகாரத்தில், 973-ஆம் குறள் இவ்விரு சொற்களையும் எடுத்து ஆள்கிறது. உயர்ந்த இடத்தில் அமர்ந்ததால் மட்டும் சிறியவர் பெரியவர் ஆகார். தாழ்ந்த இடத்தில் இருப்பதால் பெரியவர் சிறியவர் ஆகார் என்பது அதன் கருத்து. இருக்கும் இடம் வேறு, இருக்கும் தன்மை வேறு என்று வள்ளுவர் அன்றே பிரித்துவிட்டார்.

நம் மாவட்டத்துக் கீழடியை எண்ணுங்கள். 2015-ஆம் ஆண்டு முதல் அங்கே மண்ணை அகழ்ந்தவர்கள், கீழே செல்லச் செல்ல மூத்த காலத்தைக் கண்டனர். அங்குக் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. கண்டெடுத்த பொருள்களுக்கென 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், நம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியிலேயே எழும்பி நிற்கிறது. அகழ்வோர்க்குக் கீழே கிடப்பதே மூத்தது.

பிறரைச் சுட்டிவிட்டு நம்மை மறந்துவிடலாகாது. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில், ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்களும் நடுவே தடுப்புமாக, சாதிக்கொரு பக்கம் என்று ஆலயம் எழுப்பியவர்கள் நாமே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடுப்பு அகற்றப்பட்டது. கல்லால் எழுப்பியதை அகற்ற ஆள் கிடைத்தனர். 'கீழத்தெருவாயிற்றே' என்ற ஒரு சொல்லால் எழுப்பும் சுவரை யார் அகற்றுவது?

குருத்துவத் திருநிலைப்பாட்டு நாளில் நான் ஆலயத் தரையில் குப்புற விழுந்து கிடந்தேன். அதற்கு முன்னர் ஆயரின் கைகளுக்குள் என் கைகளை வைத்துக் கீழ்ப்படிதலை வாக்களித்திருந்தேன். என் வாழ்வில் மிக உயர்ந்த நாளாக நான் எண்ணும் அந்நாளில் நான் இருந்த இடம் தரை. கொடுத்த சொல்லும் 'கீழ்' என்று தொடங்குவது. அப்படிப்பட்ட நான் அந்தத் தந்தையாரிடம் வாய் திறவாமல் இருந்ததை எண்ணி வெட்கப்படுகிறேன்.

குடும்பத்தினரே, ஓர் இரவு உணவு வேளையில் பிள்ளைகளைச் சுற்றிலும் அமர்த்திக்கொண்டு, 'மேல்', 'கீழ்' என்னும் சொற்கள் வரும் தொடர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். இருபது முப்பது எளிதில் தேறும். பிள்ளைகளுக்குத் தமிழும் வளரும். பின்னர் அவற்றுள் மனிதரை அளக்கும் சொற்கள் எவை என்று கேட்டு, அவற்றை அவர்கள் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். அத்தொடர்களை முதலில் எங்கே கேட்டார்கள் என்றும் கேளுங்கள். விடை நமக்குக் கூச்சத்தைத் தரலாம், எனினும் கேளுங்கள்.

அந்தத் தந்தையாரும் இவ்விதழை வாசிப்பவர். அவரை நான் மீண்டும் காணச் செல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் கண்மாய்களை நிரப்பும் மழை, கீழ்க்கடலிலிருந்து வருகிறது. நாள்தோறும் விடிவதும் கீழ்வானத்தில்தான். அவரிடம் நான் இதிலிருந்தே பேச்சைத் தொடங்க எண்ணியிருக்கிறேன்.