முதலில் கம்ப்யூட்டரில் வெட்டுங்கள்!



என் மாமாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் (பெயர் வேண்டாம்) வேலை பார்த்தபோது போனது. புது டை மாட்டி டிரையல் பார்த்திருக்கிறார்கள். தகடு பஞ்சில் ஒட்டிக்கிச்சு. கையால் எடுக்கப் போனார். அவ்வளவுதான்.

பஞ்ச் என்பது மேலிருந்து இறங்கும் இரும்பு. டை என்பது கீழே இருக்கும் துளை. நடுவில் தகடு. எச்.எம். ரூமில் பேப்பரில் ஓட்டை போடும் மெஷின் மாதிரிதான். பஞ்சுக்கும் டைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். 1 மி.மீ. இரும்புத் தகடு என்றால் பக்கத்துக்கு சுமார் 0.05 முதல் 0.1 மி.மீ., ஒரு தலைமுடி கனம்! அதிகமானால் ஓரத்தில் பிசிறு வரும். திருகு லூசான கத்தரிக்கோலில் துணி வெட்டுப்படாமல் மடங்குமே, அதுபோல. குறைந்தால் டை சீக்கிரம் தேயும். சரியாகும் வரை வெட்டிப் பார்ப்பது, கழற்றுவது, தேய்ப்பது, மறுபடி மாட்டுவது. ஒவ்வொரு தடவையும் கை உள்ளே போகிறது.

இந்த டிரையலை ஏன் முதலில் கம்ப்யூட்டரில் செய்யக்கூடாது என்பதே என் கேள்வி.

இன்ஜினியரிங் படிக்கும் எங்கள் அக்கா பொங்கல் லீவில் லேப்டாப்பில் காட்டினாள். தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். அதற்கு மெஷ் என்று பெயர். நம்ம ஊர் மீன் வலைதான்! வெட்டு விழும் இடத்தில் மட்டும் வலைக்கண் ரொம்பப் பொடி. ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். தாங்க முடியாத கட்டத்தை அழித்துவிடும். அப்படியே வெட்டு தெரியும். இந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று 1960-இல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் ரே கிளஃப்.

மாமா சிரித்தார். “தகட்டப் பத்தி கம்ப்யூட்டருக்கு என்னம்மா தெரியும்? துளைக்கு அடிப்பக்கம்தான் பிசிறு வரும், நான் சொல்றேன் பாரு” என்றார். கண் மூடித் திறப்பதற்குள் விழும் வெட்டுக்கு லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் அடிப்பக்கம்தான் பிசிறு!

மாமா சொன்னதிலும் நியாயம் உண்டு. தகடு எப்போது கிழியும் என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். தப்பாகக் கொடுத்தால் படம் அழகாக வரும், ஆனால் பொய்யாக இருக்கும். அதனால் நிஜத் தகட்டில் ஒரு துண்டை மெஷினில் இழுத்து, அறுந்து போகும்வரை பார்த்து அளவெடுப்பார்களாம்.

கம்ப்யூட்டர் வந்தால் விரல் போகாது என்று நான் சொல்லவில்லை. டிரையல் முடிந்து தினமும் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது மெஷினுக்கு வேலி வேண்டும், இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன் வேண்டும். வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் டிரையல் குறைந்தால் கை உள்ளே போவதும் குறையும்தானே?

பெரிய கார் கம்பெனிகள் இப்படிப் பார்த்துத்தான் டை செய்கின்றன. மறைமலை நகர், ஒரகடம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கு மட்டும் ஏன் கூடாது? காசு என்பார்கள். ஓப்பன்ரேடியோஸ் என்ற சாஃப்ட்வேர் 2022 முதல் இலவசம். ஐ.டி.ஐ.யில் இதைச் சொல்லித் தரலாம். மாமா மாதிரி ஆட்களை உட்காரவைத்துக் கேட்டு எண்களைச் சரிபார்க்கலாம். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், நான் ரெடி.

அடுத்த லீவுக்கு அக்கா வருகிறாள். மாமா ஒரு பழைய டையை வெர்னியரில் அளந்து, என் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நெம்மேலி