கடற்படை வீரர்களுக்கு நாடு பட்ட கடன்

2022 ஜனவரி 26 அன்று டில்லியில் நடந்த குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தி சென்றது. அதன் முன்புறத்தில் 1946 பிப்ரவரியில் நடந்த கடற்படை எழுச்சி சித்தரிக்கப்பட்டிருந்தது. நல்லது. நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்த ஊர்தியைக் கண்ட உழைப்பாளி ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த எழுச்சியை நடத்திய மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை ஏன் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை?

இந்தியக் கடற்படையும் சேர்க்கவில்லை. பாகிஸ்தான் கடற்படையும் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் வீட்டுக்கு அனுப்பியவர்களை, வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போன பிறகும் இரு நாட்டுச் சர்க்கார்களும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தன. இதில் மட்டும் இரண்டும் ஒற்றுமை காட்டின!

யார் இந்த மாலுமிகள்? நேற்றுச் சேர்ந்து இன்று கலகம் செய்தவர்களல்ல. இரண்டாம் உலகப் போரில் உயிரைப் பணயம் வைத்து நின்றவர்கள். 1939ல் 2 ஆயிரம் பேர் கூட இல்லாத இந்தியக் கடற்படை 1945க்குள் 30 ஆயிரம் பேரை எட்டியது. பாசிசத்தை எதிர்த்துப் போர் என்று சொல்லித்தான் சர்க்கார் ஆள் சேர்த்தது. பஞ்சாபிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் பதினெட்டு, இருபது வயது வாலிபர்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1942 நவம்பரில் 'பெங்கால்' என்ற சிறு கப்பல், ஒரே ஒரு சின்னப் பீரங்கியை வைத்துக்கொண்டு, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை இந்து மகா சமுத்திரத்தில் எதிர்த்து நின்றது. ஒன்று மூழ்கியது, 'பெங்கால்' கரை சேர்ந்தது. 1943ல் சிசிலித் தீவில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது 'சட்லஜ்', 'ஜம்னா' என்ற இந்தியக் கப்பல்கள் துணை நின்றன. பாசிசத்தை முறியடித்ததில் இந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

போர் முடிந்தது. கைம்மாறு என்ன கிடைத்தது? கல்லும் மண்ணும் கலந்த பருப்பு. ஒரே கப்பலில் ஒரே வேலை செய்யும் வெள்ளை மாலுமிக்கு ஒரு சம்பளம். இந்திய மாலுமிக்கு அதில் ஒரு சிறு பகுதி. போர் முடிந்ததால் ஆட்குறைப்பு வேறு. வெளியே போனால் வேலை கிடையாது. இவற்றோடு நாள்தோறும் வசவு. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தின் தலைவனாக இருந்த கிங் என்ற வெள்ளை அதிகாரி 1946 பிப்ரவரி 8 அன்று மாலுமிகளைக் கூலிகளின் மக்கள் என்றும் காட்டுமிராண்டிகள் என்றும் ஏசினான். கூலியின் மகன் என்பது வசவாம்! மேஸ்திரியின் வாயையும் மிராசுதாரின் வாயையும் அறிந்த நமது வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பே தளத்தின் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கங்களை இரவோடிரவாக எழுதத் தொடங்கியிருந்தார்கள். எழுதியவர்களில் முக்கியமானவர் பி.சி. தத் என்ற தந்திச் செய்தி மாலுமி. பிப்ரவரி தொடக்கத்தில் அவர் பிடிபட்டார். பிடிபட்டவர் மன்னிப்புக் கேட்கவில்லை. தம்மை அரசியல் கைதியாக நடத்தும்படி கேட்டார்.

பிப்ரவரி 18 காலை 'தல்வார்' மாலுமிகள் சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். உணவில்லையேல் வேலையில்லை என்றார்கள். மறுநாள் பம்பாய்த் துறைமுகத்துக் கப்பல்களில் பிரிட்டிஷ் கொடி கீழே இறங்கியது. அந்த இடத்தில் காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் சேர்ந்து ஏறின. மத்திய வேலைநிறுத்தக் கமிட்டி ஒன்று அமைந்தது. தலைவர் எம்.எஸ். கான்; துணைத் தலைவர் மதன் சிங். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். இருவரையும் தேர்ந்தெடுத்த மாலுமிகளில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். இதற்கு ஆறு மாதம் கழித்துக் கல்கத்தாவில் இந்துவும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு மடிந்த கொடுமையை நினைத்துப் பார்த்தால், பம்பாய்க் கடலில் ஏறிய மூன்று கொடிகளின் அருமை புரியும்.

அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கவனியுங்கள். நல்ல சாப்பாடு, சம சம்பளம், கிங் மீது நடவடிக்கை, போரிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு உரிய தொகை. இவை தொழிற்சங்கக் கோரிக்கைகள். எந்த ஆலையிலும் வைக்கக்கூடியவை. ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்களையும் எல்லா அரசியல் கைதிகளையும் விடுதலை செய் என்றார்கள். இந்தோனேசியாவிலிருந்து இந்தியச் சிப்பாய்களைத் திருப்பி அழை என்றார்கள்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜப்பானியர் தோற்றதும் இந்தோனேசிய மக்கள் 1945 ஆகஸ்டில் சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள். டச்சுக்காரன் மறுபடியும் வந்து அமர்வதற்கு வழி செய்து கொடுக்கப் பிரிட்டிஷார் படை அனுப்பினார்கள். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அடிமை நாட்டான் துப்பாக்கியைக் கொண்டு இன்னொரு அடிமை நாட்டானைச் சுடுவது என்ற ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரம் அது. சீருடை அணிந்து சம்பளம் வாங்கும் இருபது வயது மாலுமி, தன் தட்டில் விழும் பருப்பைப் பற்றிப் பேசுகிறபோதே, எங்கோ ஜாவாத் தீவில் இருக்கும் விவசாயியின் விடுதலையையும் பேசினான் என்றால், அந்த நெஞ்சம் எவ்வளவு விரிந்திருக்க வேண்டும்! பீரங்கி வாயில் நிற்பது ஒரு வீரம். பிறர் விடுதலையைச் சுடமாட்டேன் என்று உத்தரவு போடுபவன் முகத்துக்கு நேரே சொல்வதும் வீரம்தான். இந்த மாலுமிகளிடம் இரண்டும் இருந்தன.

தீ பரவியது. கராச்சி, கல்கத்தா, விசாகப்பட்டினம், சென்னை என்று துறைமுகம் துறைமுகமாக மாலுமிகள் எழுந்தார்கள். 78 கப்பல்களும் 20 கரைத் தளங்களும் சுமார் 20 ஆயிரம் மாலுமிகளும் இதில் சேர்ந்தனர். பிப்ரவரி 21 அன்று பம்பாயில் மாலுமிகளின் படைக் கொட்டடியைப் பட்டாளம் சூழ்ந்து சுட்டது. உள்ளிருந்தவர்கள் திருப்பிச் சுட்டார்கள். கடற்படை முழுவதும் அழிந்தாலும் சரி, விடமாட்டோம் என்ற பொருளில் அட்மிரல் காட்பிரே வானொலியில் மிரட்டினான். கப்பல்களில் உணவு தீர்ந்தது. அப்போது பம்பாய் மக்கள் 'கேட் வே ஆப் இந்தியா' வாசலுக்குப் பழமும் ரொட்டியும் பாலும் சுமந்துகொண்டு வந்தார்கள். படகில் வந்த மாலுமிகளிடம் கொடுத்தார்கள். காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய்கள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள், பிப்ரவரி 22. கம்யூனிஸ்ட் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. காங்கிரசிலேயே அருணா ஆசப் அலி போன்றவர்கள் மாலுமிகள் பக்கம் நின்றார்கள். வல்லபாய் பட்டேல் வேண்டாம் என்றார். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளி யாருடைய பேச்சைக் கேட்டான்? ஏறத்தாழ 3 லட்சம் பேர் வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கினார்கள். பரேலிலும் மற்றத் தொழிலாளர் பேட்டைகளிலும் பட்டாளம் சுட்டது. பரேலில் கமல் தோண்டே என்ற பெண் தோழர் குண்டடிபட்டு மாண்டார். சர்க்கார் கணக்கே 200க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயம்பட்டதாகவும் சொல்கிறது. மில்லிலே நூல் இழுத்த கைகள் அவை; பெரும்பாலோர் கப்பல் ஏறியே அறியாதவர்கள். கடலில் நின்றவனுக்காகக் கரையில் நின்றவன் உயிர் கொடுத்தான். அன்று காலையில்தான் கராச்சியில் 'இந்துஸ்தான்' என்ற கப்பல் கரையிலிருந்து சுட்ட பீரங்கிகளோடு சண்டையிட்டு, மாலுமிகளைப் பலி கொடுத்து, பணிய நேர்ந்தது.

பட்டேலும் ஜின்னாவும் சரணடையும்படி சொன்னார்கள். பழிவாங்கல் இராது, பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. 22 இரவு முழுவதும் கமிட்டி வாதாடியது. 23 காலையில் பெரும்பான்மை முடிவுப்படி சரணடைந்தார்கள். தாங்கள் சரணடைவது பிரிட்டனிடம் அல்ல, இந்தியாவிடம் என்று அறிவித்துவிட்டே சரணடைந்தார்கள்.

இந்தியாவிடம் சரணடைந்தவர்களை இந்தியா என்ன செய்தது என்பதுதான் நம்முடைய கேள்வி. தலைவர்கள் கொடுத்த வாக்கு சில நாள் கூடத் தாங்கவில்லை. கைது, காவல் முகாம், விசாரணை. 476 மாலுமிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கையில் ரயில் டிக்கெட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். போர்க்காலச் சேவைக்கான பலன் போயிற்று. வேறு சர்க்கார் வேலைக்கும் கதவு அடைபட்டது. அப்போது அவர்களில் பெரும்பாலோருக்கு மீசை சரியாக அரும்பியிருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் மிச்சம் கிடந்தது. அதை அவரவர் பாட்டில் கடத்தினார்கள். பி.சி. தத் பத்திரிகையில் சேர்ந்தார். பிறகு விளம்பரத் தொழிலுக்குப் போனார். 1971ல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அவர் பேனா பிடிக்கத் தெரிந்தவர். பிடிக்கத் தெரியாதவர்களின் கதையை யார் எழுதினார்கள்? 1965ல் உத்பல் தத் கல்கத்தாவில் இந்த எழுச்சியைக் 'கல்லோல்' என்ற நாடகமாக மேடையேற்றினார். அதே ஆண்டு அவரைச் சுதந்திர இந்தியாவின் சர்க்கார் சிறையில் வைத்தது. எழுச்சி நடந்து 19 ஆண்டுகளாகியும் ஆட்சியாளருக்கு அதைக் கேட்கக் காது கூசியது.

சுதந்திரம் வந்து 25 ஆண்டு கழித்து, 1972ல்தான் மத்திய சர்க்கார் தியாகிகள் பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தது. கடற்படை எழுச்சியும் சுதந்திரப் போராட்டமாக ஏற்கப்பட்டு அந்தப் பட்டியலில் வந்தது. வந்ததை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பெற என்ன வேண்டும்? சிறைச் சான்றிதழ் வேண்டும்; அது இல்லையென்றால் உடனிருந்த கைதிகளின் சான்றிதழ் வேண்டும். இருபது வயதில் வெறும் கையோடு விரட்டப்பட்டவன், ஐம்பதை நெருங்கும் வயதில், காகிதம் தேடி ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். தன்னை விரட்டிய சர்க்காரின் பழைய கோப்பிலிருந்தே தான் வீரன் என்பதற்கு அத்தாட்சி எடுத்துவர வேண்டும்! நிலச் சொந்தக்காரன் கையெழுத்திட்டால்தான் கூலிக்குக் குத்தகை உரிமை என்பது போன்ற நியாயம் இது.

பம்பாய்க் கொலாபாவில் கடற்படை எழுச்சிக்குச் சிலை நிற்கிறது. மதன் சிங், பி.சி. தத் இருவரின் பெயரும் கடற்படைக் கலங்களுக்குச் சூட்டப்பட்டன. ஆளை ஏற்றாத கடற்படை பெயரை ஏற்றிக்கொண்டது. கல்லுக்கும் இரும்புக்கும் தரும் மரியாதையை மனிதன் உயிரோடு இருக்கும்போதே தந்திருந்தால் என்ன?

இங்கே நம் பக்கத்துக் குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிப்ரவரி 22 அன்று பரேலில் விழுந்த தொழிலாளிகளின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கார் மறந்தது அதன் இயல்பு. தொழிற்சங்கங்கள் மறந்ததற்கு என்ன சமாதானம்? அந்தப் பஞ்சாலைகளே 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, இன்று அந்த நிலத்தில் அங்காடி மாளிகைகளும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. இரத்தம் சிந்திய இடத்துக்கு அடையாளம் வைக்க நாம் பிந்தினால் அடையாளம் வைக்க இடமே இராது.

1946ல் 18 வயதுப் பையனாக இருந்த மாலுமி இன்று நூறு வயதை ஒட்டி நிற்பார். கண் மங்கியிருக்கும், காது கேட்காது. நாடெங்கும் அப்படி ஒருவர் இருந்தாலும் அவருடைய வீட்டுத் திண்ணைக்குச் சர்க்கார் அதிகாரி போக வேண்டுமே தவிர, அவர் தாலுகா ஆபீஸ் படி ஏறக்கூடாது. சான்றிதழ் கேட்கக்கூடாது, கடற்படையின் ஆவணங்களைச் சர்க்காரே புரட்டிப் பெயர்களை எடுக்க வேண்டும். 1946ல் அவர்களை நீக்கியது அநீதி என்று பார்லிமெண்ட் தீர்மானம் போட வேண்டும். சேவைக்காலம் முழுவதையும் கணக்கிட்டு, மறைந்தவர்களின் மனைவிமாருக்கு நிலுவை சேர்த்துக் கொடுக்க வேண்டும். இது தருமமல்ல, பிடித்து வைத்த கூலி. பிடித்து வைத்த கூலி 80 வருஷம் ஆனாலும் கூலிதான்.

பரேலில் அன்று மாண்டவர்களின் பெயர்களை ஆஸ்பத்திரி, போலீஸ் பதிவேடுகளிலிருந்து எடுத்து, அந்த வட்டாரத்திலேயே கல்லில் பொறிக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இந்த ஐந்து நாட்களுக்கு ஒரு பாடம் வேண்டும். கிங்கின் வசவையும் சேர்த்தே பிள்ளைகள் படிக்கட்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நிற்காமல் நாமும் செய்யக்கூடியது உண்டு. உங்கள் ஊரில், உங்கள் தெருவில், பட்டாளத்திலோ கப்பலிலோ இருந்து திரும்பிய பெரியவர் எவரேனும் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் காலமாகியிருந்தால் வீட்டில் உள்ள பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டோ, மங்கிய போட்டோவோ, விடுவிப்புக் காகிதமோ அகப்பட்டால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வருகிற பிப்ரவரி 22 அன்று ஆலை வாசல் கூட்டத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் முதல் தீர்மானமாக இந்த மாலுமிகளின் நிலுவைக் கோரிக்கையை நிறைவேற்றி மத்திய சர்க்காருக்கு அனுப்புங்கள். தீர்மானத்தின் ஒரு பிரதி நமது பத்திரிகைக்கும் வரட்டும்.