வேண்டுமானால் நீயே செய்துகொள்!

தனித்தனிச் சர்வர்கள் இணைந்து இயங்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு குறையைச் சொன்னால் போதும், எங்கிருந்தாவது இந்தப் பதில் வந்துவிடும்: "மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது? வேண்டுமானால் நீயே செய்துகொள்!" கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒரு பள்ளி ஆசிரியை ரூபி நிரல்மொழி படித்து, சர்வர் வாடகைக்கு எடுத்து, அதற்கப்புறம்தான் நண்பர்களோடு நாலு வார்த்தை பேச வேண்டுமா?

வெறுப்பில் யாரும் குறை சொல்லவில்லை. 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கியது இது. விளம்பரம் கிடையாது; எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்காக முடிவெடுக்கும் அல்காரிதம் கிடையாது. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியாவிலிருந்து பலர் கோபத்தோடு இங்கே வந்தார்கள். 2022இல் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் உலகமெங்குமிருந்து லட்சக்கணக்கில் வந்தார்கள். ஆசையாக வந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போய்விட்டார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என்ன குறை என்கிறீர்களா? தனிச்செய்தியையே பாருங்கள். தொல்லை கொடுக்கும் ஒருவரைப் பற்றித் தோழியிடம் ரகசியமாக எழுதுகிறீர்கள். இன்னார் என்று காட்ட அவருடைய கணக்கின் பெயரை '@' போட்டுக் குறிப்பிட்டால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். குறிப்பிடப்பட்டவர்கள் மட்டும் பார்க்கும் சாதாரணப் பதிவாகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். முனைக்கு முனை மறையாக்கமும் கிடையாது. யாரிடமிருந்து தப்பிக்க நினைக்கிறோமோ அவர் கையிலேயே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்ன நியாயம்? ஆண்டுக்கணக்கில் எச்சரித்தாயிற்று.

பிறர் பதிவை இணைத்து நம் கருத்தை எழுதும் மேற்கோள் பதிவு இன்னொரு கதை. அடுத்தவரை ஏளனம் செய்யத்தான் அது பயன்படும் என்று ரோச்கோ நெடுநாள் மறுத்தார். அந்தப் பயத்தில் உண்மை உண்டு. ஆனால், மேற்கோள் காட்டிப் பேசுவது எங்கள் உரையாடல் மரபு என்று 2022இல் கறுப்பின அமெரிக்கர்கள் பலர் எடுத்துச் சொன்னார்களே, அது ஏன் உடனே காதில் ஏறவில்லை? கடைசியில் 2025 நவம்பரில் 4.5 பதிப்பில் அந்த வசதி வந்தது, யார் மேற்கோள் காட்டலாம் என்பதை எழுதியவரே தீர்மானிக்கும்படி. அருமையான ஏற்பாடு. அதற்கு இத்தனை வருடமா?

நீயே செய்துகொள் என்றார்களே, சிலர் செய்தும் காட்டினார்கள். ஒரு சர்வரில் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ள, வெளியே போகாத உள்ளூர்ப் பதிவு வேண்டும் என்பது சின்னச் சின்னக் குழுக்களின் பழைய கோரிக்கை. கிளிட்ச்-சாக், ஹோம்டவுன் என்று கிளை மென்பொருள்களை உருவாக்கி, அவற்றில் அந்த வசதியை எழுதி, வருடக்கணக்கில் ஓட்டியும் காட்டினார்கள். மூல மென்பொருளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எழுதத் தெரியாதவனிடம் எழுது என்கிறார்கள். எழுதிக் கொண்டுவந்தவனிடம் வேண்டாம் என்கிறார்கள். இதில் எது திறந்திருக்கிறது?

ரோச்கோ மேல் எனக்குப் பகை இல்லை. இவ்வளவு பெரிய பொதுச் சொத்தின் சரி, தவறு எல்லாம் இத்தனை காலம் ஒரே மனிதரின் தலையில் ஏறிக் கிடந்தது அவருக்கும் கொடுமைதான். 2025 நவம்பரில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வேலை தன்னை எவ்வளவு அழுத்தியது என்று வெளிப்படையாகவே எழுதினார். இப்போது பொறுப்பு ஒரு குழுவிடம் வந்திருக்கிறது. அவர்கள் அந்தப் பழைய கோரிக்கைகளை உட்கார்ந்து படிக்கட்டும். உள்ளூர்ப் பதிவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கான நிரல் எப்போதோ எழுதித் தயாராக இருக்கிறது.