கூட்டுக்கு ஓர் அரசி வேண்டுமோ?

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிற் பற்றுடைய மாணவர் நம் கல்லூரியிற் பலர் உளர். அவர்களுள் 'போர்க்' அரசியை அறியாதார் இலர். அறியாத பெரியோர்பொருட்டுச் சில சொற்கள் கூறுவோம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய 'ஸ்டார் டிரெக்'கில் 1989-ஆம் ஆண்டு முதன்முதல் தோன்றிய இனம் போர்க். பிற உயிர்களைப் பிடித்து, உடலில் இயந்திர உறுப்புக்களைப் பொருத்தி, அனைவரையும் ஒரே மனத்தோடு பிணைத்துவிடுதல் இவ்வினத்தின் தொழில். பிணைக்கப்பட்டவனுக்குப் பெயர் போய் எண் வந்துவிடும். 'நான்' என்னும் சொல்லும் மறந்துபோம். தொடக்கத்தில் இக்கூட்டத்திற்குத் தலைவர் எவரும் காட்டப்பெறவில்லை. 1996-இல் வெளிவந்த திரைப்படத்திலேதான் அரசி ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

அவள் வரவால் கதை சுவை பெற்றது என்பர் பலர். எம் அபிப்பிராயம் வேறு. அவள் வந்தபின் அச்சம் குறைந்தது. முன்னர்க் கெஞ்சுவதற்கும் வெறுப்பதற்கும் ஒரு முகம் இல்லை. அதுவே நெஞ்சை நடுங்கச் செய்தது. அரசி என்று ஒருத்தி இருப்பின், அவளை ஒழித்தால் தொல்லை தீர்ந்தது என்று ஆறுதல் கொள்ளலாமன்றோ? அப்படத்தின் முடிவும் ஏறக்குறைய அத்தகையதே.

இவ்வழக்கம் கதாசிரியர்க்கே உரியதன்று. தேன்கூட்டைக் கண்ட அரிஸ்டாட்டில் அதனுள் ஓர் அரசன் ஆள்கின்றான் என்று கருதினார். பல நூற்றாண்டுகள் கழிந்து, எலிசபெத் அரசியார் மறைந்த சில ஆண்டுகளுக்குள், 1609-இல், சார்லஸ் பட்லர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அது பெண்ணாட்சியே என்று நூல் எழுதினார். அவரவர் அரண்மனையை அவரவர் கூட்டினுள்ளே கண்டனர் போலும்! உண்மையில் அரசித் தேனீ எதனையும் ஆளுவதில்லை. நாளொன்றுக்கு ஆயிரத்திற்கு மேற்பட்ட முட்டைகளை இடுதலே அவள் கடமை. திரள் புதிய இடம் தேடிப் புறப்படுங்கால், வேவு பார்த்து வரும் தேனீக்கள் நடனமாடி, தாம் கண்ட இடத்தை அறிவிக்கின்றன. ஓரிடத்திற்கு ஆதரவு பெருகியதும் திரள் எழுகின்றது. அரசி உடன் செல்கின்றாள். அவள் தளர்ந்தால் வேலைக்காரத் தேனீக்களே வேறொருத்தியை ஊட்டி வளர்த்துக்கொள்ளும்.

இதனை நம் தமிழ் எழுத்தாளர் ஒருவர் அமெரிக்கர்க்கு முன்னரே உணர்ந்திருந்தார் என்று சொல்லத் துணிகின்றோம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில் சுஜாதா எதிர்கால இந்தியா ஒன்றைக் காட்டினார். கணிப்பொறிகளே மக்கள் வாழ்வை அளந்து நடத்துகின்றன. பெயர்களும் இரண்டெழுத்தாகச் சுருங்கிவிட்டன. ஜீவா என்னும் தலைவனை அனைவரும் தொழுகின்றனர். ஈற்றில் அத்தலைவன் ஒளியாற் செய்த உருவமே என்பது வெளியாகின்றது. 'மீண்டும் ஜீனோ'வில் நிலா என்பாள் அரசியாக அமர்த்தப்படுகின்றாள். ஆட்சியோ பிறர் கையில். முகம் வேறு, அதிகாரம் வேறு என்பதை ஜீனோ என்னும் இயந்திர நாயைக் கொண்டு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை அது. போர்க் அரசியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் மாணவர் இதனைப் படியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இங்கு இலக்கணம் சிறிது பேசுதல் பொறுத்தருளத்தக்கது. கேட்போனையும் உளப்படுத்தும் 'நாம்' வேறு, அவனை விலக்கும் 'நாங்கள்' வேறு என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கின்றது. போர்க் கூட்டத்தார் இரையை நோக்கிப் பேசுவது 'நாங்கள்'. இரையைச் சேர்த்துக்கொண்டபின் அது 'நாம்' ஆதல் வேண்டும். ஆனால் 'நாம்' என்பதற்குக் கேட்பவன் ஒருவன் வேண்டுமே! எல்லாரும் ஒரே மனமாகிய இடத்தில் யார் யாருக்குச் சொல்வது?

கூட்டமாக இயங்குதல் யாவும் இத்தகையதே என்று சிலர் வாதிப்பர். அவர் நம் மாவட்டத்தின் வரலாற்றை நோக்குவாராக. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபொழுது, கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் பயின்றனர். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குப் பெருந்துணை புரிந்தார். (அங்கும் ஒரு ராணி உளர் என்று நகையாடுவோர் நகையாடுக.) ஆயினும் ஒருத்தி பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடலாமேயன்றி, மிதிப்பவள் தானேதான் மிதித்தல் வேண்டும். கைநாட்டு வைத்தவள் தன் பெயரைத் தானே எழுதினாள். போர்க் கூட்டத்திற் சேர்ந்தவன் பெயரை இழந்தான். இங்குச் சேர்ந்தவளோ பெயரைப் பெற்றாள்.

இவ்வளவும் எதற்காகக் கூறினோமெனின், 2022-ஆம் ஆண்டு இறுதியில் 'சாட்ஜிபிடி' பொதுமக்கள் கைக்கு வந்தபின், இம்மலருக்கு வரும் கட்டுரைகளில் ஒரு மாறுதல் காண்கின்றோம். பிழைகள் குறைந்தன, கையெழுத்து மாறியும் குரல் ஒன்றாயிற்று. இவ்வாண்டு ஆலங்குடி மாணவர் ஒருவரும் மணமேல்குடி மாணவி ஒருவரும் தத்தம் ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதியிருந்தனர். இரண்டும் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. இருவரும் ஒருவரையொருவர் அறியார். எந்த அரசியும் அவர்களைப் பிடித்து இழுக்கவில்லை. தாமே சென்று சேர்ந்தனர். இக்கருவிகளைச் செய்து விற்கும் செல்வர் சிலரது முகங்களைச் சுட்டி நாம் சினந்துகொள்ளலாம். ஆனால் அம்முகங்கள் நாளை மாறினும் அந்த வாக்கியம் மாறாது.

மணமேல்குடி மாணவியை அழைத்து, திருவிழாவை வாயாற் சொல்லுமாறு கேட்டோம். கடற்கரை மணலிற் சப்பரம் புதைந்ததையும், தென்னை மட்டைகளை அடியிலிட்டு ஊரார் இழுத்ததையும், தன் பாட்டி அந்நேரத்தில் எல்லாரையும் வைததையும் அவர் சொல்லிச் சிரித்தார். அதனையே எழுதித் தருமாறு வேண்டினோம். இம்மலரிற் பிறிதோரிடத்தில் அஃது அச்சாகியுள்ளது. சந்திப்பிழைகள் சில உள, திருத்தாது விட்டோம்.