கேபிளை நாமே செருகுவோம்

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவியைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்படுத்த ஒரு மாதமாவது எடுக்கும். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது, சபையோரை எப்படி விளிப்பது என்று டீச்சர்மார் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். தமிழ்மொழித் தினப் போட்டி வந்துவிட்டால் பாடசாலை விட்ட பிறகும் பயிற்சி நடக்கும். ஆனால் இன்று நாம் ஏறுகின்ற பல மேடைகளில் ஒரு வெள்ளைத் திரையும் தொங்குகிறது. அந்தத் திரைக்கும் நமது லெப்டொப்புக்கும் நடுவில் உள்ள கேபிளைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதுவும் பேச்சுப் பயிற்சியில் ஒரு பாகமாக வேண்டும் என்பது என் கருத்து. கிளிவெட்டியில் பட்டுத்தான் அந்தக் கருத்துக்கு வந்தேன்.

சென்ற வருடம் அங்கே சூழல் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. சுற்றுவட்டாரப் பாடசாலைகளிலிருந்து தமிழ், முஸ்லிம் மாணவர்கள் வந்திருந்தார்கள். எனக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். தலைப்பு மகாவலி. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் நாட்டின் மிக நீளமான ஆறு, எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேருகிறது. ஆறு கொண்டுவரும் பிளாஸ்டிக்கும் எங்கள் கரைக்குத்தான் வருகிறது. ஸ்லைட்டுகளில் படங்களை மட்டும் வைத்தேன். சொல்லவேண்டியதையெல்லாம் கீழே பேச்சுக் குறிப்புகளாக எழுதியிருந்தேன். மூதூரில் வலை இழுக்கின்ற ஒரு பெரியவர், வலையில் மீனைவிடப் போத்தல்கள் கூடுதலாக வந்த ஒரு விடியற்காலையைப் பற்றி எனக்குச் சொன்னதும் அந்தக் குறிப்பில்தான் இருந்தது.

லெப்டொப் ராத்தாவுடையது. கேபிளைச் செருகி, ஸ்லைட் ஷோவைத் தொடங்கினேன். என் முன்னால் அழகான முழுப்படம். சபையில் சிரிப்பு. திரும்பிப் பார்த்தால், பெரிய திரையில் என் குறிப்புகள்! "இங்கே நிறுத்து. மூச்சை இழு. கை நடுங்கினால் மேசையைப் பிடி."

எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது. மேசையைப் பிடிக்கவும் வெட்கமாக இருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளுங்கோ, நான் பாக்கிறன்" என்று ஓர் அண்ணா மேடைக்கு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். கேபிளைக் கழற்றினார், மாட்டினார், எதையோ அழுத்தினார். ராத்தாவின் கல்யாணப் படம் திரை முழுக்க விரிந்தது. அதற்கு மேல் உம்மாவின் வட்ஸ்அப் செய்தி: "மகள், சாப்பிட்டியா?" மறுபடியும் சிரிப்பு. ஒருவழியாக ஸ்லைட்டுகள் வந்தபோது என் குறிப்புகள் இரண்டு திரையிலும் இல்லை. நாலு நிமிடமும் போயிருந்தது. மீதி நேரத்தில் படங்களைக் காட்டி "இது ஆறு, இது குப்பை" என்று சொல்லி இறங்கினேன். அந்தப் பெரியவரின் கதையைச் சபை கேட்கவேயில்லை. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

வீட்டுக்கு வந்து, எங்கள் டீவியோடு லெப்டொப்பை இணைத்து இரண்டு இரவு உட்கார்ந்தேன். விஷயம் இவ்வளவுதான்.

வின்டோஸில், வின்டோஸ் பொத்தானோடு "பீ" எழுத்தை அழுத்தினால் நாலு தெரிவுகள் வரும். முதலாவதில் லெப்டொப்பில் மட்டும் படம் தெரியும். இரண்டாவது டூப்ளிகேட்: இரண்டிலும் ஒரே படம். மூன்றாவது எக்ஸ்டென்ட்: இரண்டும் தனித்தனித் திரைகள். நாலாவதில் வெளித்திரையில் மட்டும் படம் வரும். குறிப்பு நமக்கும் படம் சபைக்கும் என்று பிரிய வேண்டுமென்றால் எக்ஸ்டென்ட் வேண்டும். அண்ணா டூப்ளிகேட் போட்டார். அதனால்தான் குறிப்புகள் மறைந்தன.

முதலில் ஏன் தலைகீழாக வந்தது? பவர்பொயின்ட்டில் "ஸ்லைட் ஷோ" பகுதியில் "மொனிட்டர்" என்றொரு தெரிவு இருக்கிறது. ராத்தா எப்போதோ அதில் "பிரைமரி மொனிட்டர்" என்று போட்டிருந்தார். பிரதான திரை லெப்டொப் என்பதால் படம் லெப்டொப்புக்கு வந்தது, குறிப்புகள் சபைக்குப் போயின. அதை "ஓட்டோமெடிக்" என்று மாற்றி, பக்கத்தில் "யூஸ் பிரசென்டர் வியூ" என்பதில் சரி அடையாளம் போட்டால் போதும். மேடையில் மாறி வந்துவிட்டாலும் பயமில்லை. குறிப்புத் திரையின் மேலே "டிஸ்ப்ளே செட்டிங்ஸ்" இருக்கும். அதில் "ஸ்வொப்" என்று தொடங்கும் தெரிவை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். பத்து விநாடி வேலை. அதை அறியாததால் என் பேச்சு போனது.

சிலர் சொல்கிறார்கள், இதெல்லாம் ஐ.சி.டி. படிக்கிற பிள்ளைகளின் வேலை என்று. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதில் நமது அந்தரங்கமும் இருக்கிறது. டூப்ளிகேட்டில் நம் திரையில் தோன்றுவதெல்லாம் சபைக்கும் தோன்றும்: குடும்பப் படம், கோப்புகளின் பெயர்கள், வந்து விழும் செய்தி எல்லாமே. எக்ஸ்டென்ட்டில் நம் திரையில் தோன்றுவதெல்லாம் அப்படியே வெளித்திரைக்குப் போகாது. அதற்கும் மேலாக, செய்தி அறிவிப்புகளை நிறுத்திவிட்டு மேடை ஏறுவது நல்லது. கேபிளை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது இந்தத் தீர்மானத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இன்னும் சிலர், பேப்பரைப் பார்த்துப் பேசினால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1987இல் பவர்பொயின்ட் முதன்முதலில் வெளிவந்தபோது, அது ஒளிபுகும் தாள்களைத் தயாரிக்கத்தான் பயன்பட்டது. பேசுகிறவர் தன் குறிப்பைத் தாளில்தான் வைத்திருந்தார். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டைக் கண்ட நாடு நம்முடையது. ஆகவே குறிப்புகளை "நோட்ஸ் பேஜஸ்" ஆக அச்சிட்டுப் பையில் வைத்திருங்கள். நானும் இப்போது வைத்திருக்கிறேன். ஆனால் கையில் பேப்பர் இருக்கிறது என்பதற்காகக் கேபிளை அறியாமல் இருக்கலாம் என்று ஆகாது. எது கைவிட்டாலும் பேச்சு நிற்கக்கூடாது.

ஆகவே நமது தமிழ் மன்றத்திடம் ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தில் பேசுகிற ஒவ்வொரு மாணவியும் தானே கேபிளைச் செருகி, தானே திரையைச் சரிசெய்த பிறகே பேசத் தொடங்கட்டும். பழைய புரொஜெக்டர்களுக்கு 15 முனை உள்ள வீ.ஜீ.ஏ. கேபிள் வேண்டும், புதிய லெப்டொப் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. மட்டும்தான் உண்டு. இரண்டையும் இணைக்கும் மாற்றி ஒன்றை மன்றமே வாங்கி வைக்கட்டும். படம் வராவிட்டால் புரொஜெக்டரில் "சோர்ஸ்" பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும் என்பதையும், எக்ஸ்டென்ட்டில் மவுஸ் அம்பு காணாமல் போனால் அது அடுத்த திரையில்தான் நிற்கிறது என்பதையும் தரம் ஆறு தங்கச்சிமாரும் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த வருடம் அதே மகாவலிப் பேச்சை மூதூரில் மீண்டும் பேசக் கிடைத்தது. அரை மணித்தியாலம் முந்திப் போனேன். கேபிள் செருகினேன். குறிப்புகள் என் பக்கம், ஆறு சபையின் பக்கம். ஒரு நானா வந்து, "தங்கச்சி, நான் போட்டுத் தரவா?" என்று கேட்டார்.

"வேணாம் நானா, படம் வந்திட்டு" என்றேன்.

அன்று அந்தப் பெரியவரின் விடியற்காலையைச் சபை முழுவதுமாகக் கேட்டது. என் குறிப்பில் இன்னமும் "கை நடுங்கினால் மேசையைப் பிடி" என்று இருக்கிறது. பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.