விரதமும் ஒவ்வாமையும்

முட்டை ஒவ்வாத குழந்தைக்கு மும்பையைப் போல் தோதான ஊர் குறைவு. மாட்டுங்காவில் எக்லெஸ் கேக் கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. குஜராத்தி, ஜைன வீடுகளின் உபயம். ஆனால் விரதக்காரருக்குப் போதுமான சுத்தம் ஒவ்வாமைக்காரருக்குப் போதாது. மாவு அடித்த கருவி எதில் கிடந்தது என்று விசாரித்தால் கடைக்காரர் முகம் கடுக்கிறது. பொட்டலத் தின்பண்டமாவது பரவாயில்லை. முட்டை சேர்த்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாக அச்சிட்டாக வேண்டும் என்கின்றன உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 விதிகள். தெருவோர வண்டிக்கு அச்சேது? முட்டை புர்ஜி கிளறிய தவாவிலேயே அடுத்தவருக்கான பாவ் ரொட்டியும் வெண்ணெயில் புரளும். சில பிள்ளைகளுக்கு அந்த மிச்சமே மூச்சை அடைக்கும். “துளிதானே!” என்கிற மாமிகளோடு நான் வாதாடுவதில்லை; பிறந்தநாள் கேக்கை வீட்டிலேயே செய்யச் சொல்லிவிடுகிறேன்.